பழக்கமும் கைங்கர்யமும்

உத்ஸவ காலத்தில் திருக்கோயிலுக்கு வந்து சேரும் அடியார்களில் பலர் தமக்குள்ளே ஒரு ஸங்கல்பம் செய்துகொண்டு வருகிறார்கள். கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரையில் புகையிலையைத் தொடுவதில்லை என்பார் ஒருவர். மூக்குப்பொடி டப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்பார் மற்றொருவர். பத்து நாளும் கோபப்பட மாட்டேன், ஒருவரைப் பற்றியும் வம்பு பேச மாட்டேன் என்று பெருமாள் திருமுன்பே சொல்லிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. இந்த ஸங்கல்பங்கள் பெரும்பாலும் நிறைவேறிவிடுகின்றன என்பதுதான் ஆச்சரியம். வீட்டில் அரைநாள் தாங்காதவர் இங்கே பத்து நாள் தாங்குகிறார். அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றுண்டு. பதினோராம் நாள், ஊருக்குத் திரும்பும் பேருந்து நிலையத்திலேயே பழைய கதை தொடங்கிவிடுகிறது.

பத்து நாள் நின்றது பதினோராம் நாள் ஏன் நிற்கவில்லை? எம்பெருமானுடைய அநுக்ரஹம் கொடியிறக்கத்தோடு முடிந்துவிடுவதாகச் சொல்ல யாருக்கும் நா எழாது. மனவுறுதி இல்லை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாமென்றால், உறுதி இல்லாதவர் பத்து நாள் தாங்கியது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. தாங்கியவரும் வழுவியவரும் ஒருவரே. ஆகையால் விடையை அவருடைய நெஞ்சில் மட்டும் தேடினால் போதாது; அவர் நின்ற இடத்திலும், அவருக்குக் கிடைத்த பொழுதிலும், அவர் கண்ணுக்கு எதிரே இருந்ததிலும் தேடவேண்டும்.

நம் பெரியோர்கள் பழக்கத்தை வாசனை என்ற சொல்லால் குறித்தார்கள். பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்தாலும் மணம் போவதில்லை. அதுபோல, ஒரு செயலைச் செய்து முடித்த பின்னும் அதன் சுவடு நெஞ்சில் தங்குகிறது. அந்தச் சுவடு அதே செயலில் மறுபடி ஆசையை மூட்டுகிறது. அவ்வாசைக்கு ருசி என்று பெயர். கர்மம் வாசனையை விளைக்க, வாசனை ருசியை விளைக்க, ருசி மீண்டும் கர்மத்திலே கொண்டு தள்ளுகிறது. செக்கு மாடு சுற்றி வருவதுபோல ஜீவன் இதில் சுற்றி வருகிறான். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதைத்தான் கேட்கிறான். விருப்பமில்லாதிருந்தும், யாரோ பலவந்தமாகப் பிடித்துத் தள்ளினாற்போல மனிதன் தீமையில் இறங்குகிறானே, தள்ளுவது எது என்பது அவன் கேள்வி. புகையிலையை விட ஒருமுறையேனும் முயன்றவருக்கு இந்தக் கேள்வியின் பொருள் வியாக்யானம் இல்லாமலே விளங்கும்.

அதற்கு முன்பே, இரண்டாம் அத்தியாயத்தின் 59ஆம் சுலோகத்தில், கண்ணன் நமக்கு வேண்டிய விடையைத் தந்துவிட்டான். விஷயங்களை உண்ணாமல் ஒதுங்கியிருப்பவனை விட்டு விஷயங்கள் விலகிப் போகும். அவற்றின்மேல் உள்ள சுவை மட்டும் விலகாது. அச்சுவையும் மேலான ஒன்றைக் கண்டபோது விலகும் என்பது அதன் கருத்து. விலகுவன இரண்டு என்பதை இங்கே கவனிக்கவேண்டும். பொருளை விலக்குவது ஒரு காரியம். சுவையை மாற்றுவது வேறொரு காரியம். முதலாவது நம் கையில் உள்ளது. டப்பியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் முடிந்தது. உடம்பின் தவிப்பும் நெடுநாள் நிற்பதில்லை. புகையிலையை நிறுத்தியவனுக்கு முதல் மூன்று நாட்களில் தவிப்பு உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஆக, உத்ஸவத்தின் பத்து நாட்களில் உடம்பு மிகக் கடினமான பகுதியைக் கடந்துவிடுகிறது. மிஞ்சி நிற்பது சுவை. ஊரில் வழக்கமான திண்ணையும் வழக்கமான நேரமும் வழக்கமான நண்பரும் எதிர்ப்பட்டவுடன் அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

சுவை எவ்வாறு மாறும் என்பதற்கு நம் குருபரம்பரையில் உறங்காவில்லி தாஸருடைய சரித்திரத்தைவிடத் தெளிவான சான்று இருப்பதாக அடியேனுக்குத் தோன்றவில்லை. உறையூரில் வாழ்ந்த மல்லர் அவர். தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் முற்றும் ஈடுபட்டவர். ஒரு திருவிழா நாளில், அவளுக்கு வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வருகிறார். சுற்றிலும் பெருங்கூட்டம், கண்டவர்கள் சிரிக்கிறார்கள், அவருக்கு அது செவியில் ஏறவில்லை. சிஷ்யர்களோடு அவ்வழியே எழுந்தருளிய உடையவர் இதைக் காண்கிறார். அவரை அழைத்து, இத்தனை பேர் நடுவில் இவ்வாறு நடப்பானேன் என்று வினவுகிறார். இந்தக் கண்களைவிட அழகிய கண்களை நான் கண்டதில்லை என்கிறார் மல்லர். இவற்றைவிட அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வீர் என்கிறார் உடையவர். காட்டினால் அவற்றுக்கு அடிமையாவேன் என்கிறார் அவர். அன்று மாலையே பெரியபெருமாள் ஸந்நிதியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தித் திருக்கண்களைக் காட்டியருள, மல்லர் அங்கேயே வீழ்ந்தார் என்று பெரியோர் அருளிச்செய்வர்.

இச்சரித்திரத்தைக் கேட்கும்போது நாம் பெரும்பாலும் அத்துடன் நிறுத்திவிடுகிறோம். பின்னால் நடந்ததே நம் விஷயத்திற்கு மிகவும் வேண்டியது. தாஸரும் பொன்னாச்சியாரும் உறையூரை விட்டுத் திருவரங்கத்திலே வந்து குடியேறினார்கள். நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது, தாஸர் கையில் வாளோடு முன்னே செல்வாராம். திருமேனிக்குச் சிறிது அசைவு நேர்ந்தாலும் தம் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த நிலையில், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே செல்வாராம். அந்தப் பரிவைக் கண்டே நம் ஆசார்யர்கள் அவரை மஹாமதி என்று கொண்டாடினார்கள். இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே குடை, இங்கே வாள். அங்கேயும் கண் எடுக்காத பார்வை, இங்கேயும் அதே பார்வை. அங்கே ஒருத்திக்கு வெயில் படக்கூடாதென்ற பதைப்பு, இங்கே பெருமாளுக்கு அசைவு வரக்கூடாதென்ற பதைப்பு. காக்கும் பழக்கமும் கூட்டத்தைப் பொருட்படுத்தாத பழக்கமும் சிறிதும் மாறவில்லை. அவை சென்று நின்ற இடம் மாறியது. பொன்னாச்சியாரையும் அவர் துறக்கவில்லை. அவள்மேல் இருந்த அன்பு தனக்குரிய அளவில் நின்றது; அவளும் பாகவத லக்ஷணத்தில் அவருக்குக் குறைந்தவளாக இருந்ததில்லை.

உடையவர் செய்யாமல் விட்டவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். குடையைப் பிடுங்கவில்லை. பெண்ணாசை பொல்லாதது என்று அங்கே ஓர் உபந்யாஸம் நிகழ்த்தவில்லை. அம்மல்லரிடத்தில் ஏற்கெனவே இருந்த ஆற்றலைக் கண்டு, அதற்கு ஏற்ற விஷயத்தைக் காட்டினார். நாமோ நம் பிள்ளைகளிடமும் நம்மிடமுமே முதல் வேலையாகக் குடையைப் பிடுங்குகிறோம். பிடுங்கிய கை வெறுங்கையாக இருப்பதால் வேறொரு குடையைத் தேடிப் போகிறது. வெற்றிலையை விட்டவர் பீடிக்குப் போனதும், பீடியை விட்டவர் நாளுக்கு எட்டுக் காபிக்குப் போனதும் நம் ஊர்களில் காணாத காட்சியா?

இன்றைக்குக் கண் எடுக்காமல் பின்னோக்கி நடக்கும் மல்லர்கள் மிகுந்துவிட்டார்கள். அவர்கள் கையில் குடைக்குப் பதிலாகக் கைப்பேசி இருக்கிறது. கருட ஸேவையின்போது, எதிரே எழுந்தருளியிருக்கும் பெருமாளை விட்டு, கையகலக் கண்ணாடியில் தெரியும் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருப்போர் எத்தனை பேர்! இளைஞர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நரைத்த தலைகளும் அக்கூட்டத்தில் நிறையத் தெரிகின்றன. இக்கருவியைத் தூக்கி எறியச் சொல்வது குடையைப் பிடுங்குவதற்குச் சமானம். திருமஞ்சனம் நடக்கும் ஒரு நாழிகை அதை மடியில் வைத்துவிட்டுத் திருமுக மண்டலத்தைப் பார்க்கச் சொல்வது உடையவர் காட்டிய முறைக்கு அருகில் வரும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தாஸருக்கு ஒரே கணத்தில் கண்கள் தெரிந்தன, காட்டியவரோ யதிராஜர். நாமும் அதே ஸந்நிதியில் அதே திருக்கண்களை ஸேவித்துவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வருகிறோமே, நமக்கு என்ன வழி? இந்த ஆட்சேபம் நியாயமானது. ஒரு கணத்தில் சுவை மாறுவது எம்பெருமானுடைய தனி க்ருபை. அதைக் கணக்கிட்டு வரவழைக்க முடியாது. மற்றவர்களுக்குக் கண்ணன் காட்டிய வழி கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிது என்று அர்ஜுனன் முறையிட, கண்ணன் அதை மறுக்கவில்லை. அரிதுதான் என்று ஒப்புக்கொண்டு, அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் அது கைவரும் என்கிறான். அப்யாஸம் முதலிலும் வைராக்யம் அடுத்தும் வைக்கப்பட்டிருப்பது அடியேனுக்குப் பொருளுள்ளதாகவே படுகிறது. நல்லதில் பழகப் பழகத்தான் மற்றதில் வெறுப்பு வரும். வெறுப்பு வந்த பிறகு பழகலாம் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டே இருப்பான்.

ஸ்ரீபாஷ்யகாரர் முதல் ஸூத்ரத்தின் உரையிலேயே, வாக்யகாரரை ஆதாரமாகக் கொண்டு, உபாஸனம் கைகூடுவதற்கு ஏழு ஸாதனங்களை எடுத்துரைக்கிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. உணவின் தூய்மை விவேகம். ஆசையின் பிடியிலிருந்து நெகிழ்தல் விமோகம். பற்றவேண்டியதைத் திரும்பத் திரும்பப் பற்றுதல் அப்யாஸம். கடமைகளை இயன்ற அளவு செய்தல் க்ரியை. ஸத்யம், நேர்மை, தயை, ஈகை போன்றவை கல்யாணம். இவ்வைந்தையும் நீதி நூல்கள் பலவும் கூறும். கடைசி இரண்டும் நம் ஸம்ப்ரதாயத்தின் நுட்பத்தைக் காட்டுவன. துயரத்தால் நெஞ்சு சோர்ந்துபோகாமை அநவஸாதம். மகிழ்ச்சியால் நெஞ்சு பொங்கிவிடாமை அநுத்தர்ஷம். பழக்கத்தை மாற்ற முயல்கிறவனை வீழ்த்துபவை இவ்விரண்டின் எதிர்த்தட்டுகளே. பத்து நாள் வென்றேன் என்று பொங்குகிறான். அந்தப் பொங்கலில் ஒன்றே ஒன்று போட்டால் என்ன என்று தோன்றுகிறது. போட்ட பிறகு, எல்லாம் போயிற்று என்று சோர்கிறான். அந்தச் சோர்வில் மிச்சத்தையும் போட்டுத் தீர்க்கிறான். க்ரியைக்கு இயன்ற அளவு என்ற அடைமொழி இருப்பதையும் மறக்கலாகாது.

இயன்ற அளவு என்பதைப் பெரியோர்கள் விரதங்களிலும் கடைப்பிடித்திருக்கிறார்கள். சாதுர்மாஸ்யத்தில் நான்கு மாதங்களுக்கும் ஒரேயடியாக எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. முதல் மாதம் காய்கறி, இரண்டாம் மாதம் தயிர், மூன்றாம் மாதம் பால், நான்காம் மாதம் பருப்பு என்று ஒவ்வொன்றாக விடுவது அதன் மரபு. ஏகாதசி பக்ஷத்திற்கு ஒருமுறை வருகிறது. ஒருநாள் மறுத்து, மறுநாள் த்வாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்ணச் செய்கிறது. மறுக்கக் கற்பதற்கு ஆண்டில் இருபத்துநான்கு பாடங்கள். அந்நாளிலும் காபியை மட்டும் சாஸ்திரம் அனுமதித்திருப்பதாக நம் இல்லங்களில் ஓர் ஐதிஹ்யம் நிலவுகிறது. அதன் மூலத்தை அடியேன் இன்னும் கண்டதில்லை. காசி, கயை யாத்திரை சென்றவர்கள் தமக்குப் பிடித்த காய் ஒன்றையும் கனி ஒன்றையும் விட்டுவர வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பிறந்தது முதல் தொடாத பாகற்காயை அங்கே விட்டுவிட்டு வந்தவர்களும் நம்மில் உண்டு. விடவேண்டியது சுவை என்பதை அந்த ஏற்பாடு நினைவூட்டுகிறது. நாம்தான் பாகற்காயைக் காட்டி அதை ஏய்க்கிறோம்.

அப்யாஸத்திற்குக் காலமும் இடமும் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பதை நம் ஆகமங்கள் வற்புறுத்துகின்றன. பாஞ்சராத்ரம் நாளை ஐந்தாகப் பகுத்து, அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரியத்தை விதித்தது. காலையில் எம்பெருமானை அணுகுதல், பின் திருவாராதனத்துக்கு வேண்டியவற்றைச் சேகரித்தல், ஆராதித்தல், நூல்களை ஓதுதல், இரவில் அவனிடத்தே மனத்தை ஒடுக்குதல் என்பது அதன் முறை. இதன் பயன் என்னவென்றால், இப்போது என்ன செய்யலாம் என்று மனத்தைக் கேட்கவேண்டிய சமயமே வருவதில்லை. மனத்தைக் கேட்டால் அது பழைய வழியைத்தான் சொல்லும். பொழுதே காரியத்தைச் சொல்லிவிட்டால் மனம் வாய் திறப்பதற்குள் கை வேலையைத் தொடங்கிவிடுகிறது. உடையவர் இளமையில், திருக்கச்சி நம்பிகள் வாயிலாகப் பேரருளாளன் திருவுள்ளம் அறிந்து, நாள்தோறும் சாலைக்கிணற்றிலிருந்து தீர்த்தம் கொணர்ந்து ஸமர்ப்பித்தார். வேதாந்தத்தில் நிகரற்ற புத்தி படைத்த ஒருவருக்கு அக்காலத்தில் வாய்த்த கைங்கர்யம், ஒரே கிணறு, ஒரே பாதை, ஒரே குடம்.

மேனாட்டார் அண்மைக் காலத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி இவற்றில் ஒரு சிறு நற்செயலைத் தேர்ந்து, நாள்தோறும் அதே சந்தர்ப்பத்தில், உதாரணமாகக் காலை உணவுக்குப் பின், செய்துவர வேண்டும். அச்செயல் எண்ணிப் பாராமலே நிகழும் நிலையை அடைய ஒருவருக்கு 18 நாள் ஆயிற்று. மற்றொருவருக்கு 254 நாள் ஆகுமென்று கணக்கிட்டார்கள். நடுவளவு 66 நாள். இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் படியும் என்று பலர் சொல்வதை இவ்வெண்கள் ஆதரிக்கவில்லை. நம் மண்டலக் கணக்காகிய 48 நாளும் சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. ஆகவே பத்து நாள் உத்ஸவத்தில் ஒரு பழக்கம் படிந்துவிடவில்லையே என்று பதினோராம் நாள் வருந்துவதற்கு நியாயமில்லை. பத்து நாள் தொடக்கம் மட்டுமே.

இடத்தின் வலிமைக்கு வேறொரு சான்றும் உண்டு. வியட்நாம் போரில் ஈடுபட்டு 1971ல் அமெரிக்கா திரும்பிய படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். போர்க்களத்தில் இருந்தபோது அவர்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயின் முதலிய போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டிருந்தார். மிகக் கொடிய பழக்கம் அது. எளிதில் விடாது என்றே எல்லோரும் அஞ்சினார்கள். வீடு திரும்பிய முதலாண்டில், அவ்வாறு அடிமைப்பட்டிருந்தவர்களுள் மீண்டும் அதில் வீழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே இருந்தனர். பழக்கத்தை எழுப்பிவந்த இடமும் தோழரும் அச்சமும் பின்தங்கிப் போயின. நம் யாத்ரிகருக்கு நேர்வது இதன் தலைகீழ். அவர் பழக்கத்தின் இடத்தை விட்டுக் கோயிலுக்கு வருகிறார். பத்து நாள் கழித்து அந்த இடத்திற்கே திரும்புகிறார்.

அப்படியானால் கோயிலில் அவரைத் தாங்கியவை எவை என்று பட்டியல் இட்டால் மர்மம் அவிழும். விடியுமுன் எழுந்தார், ஏனெனில் விச்வரூப ஸேவை யாருக்காகவும் காத்திராது. திருவரங்கத்தில் பசுவும் யானையும்கூட அந்நேரத்திற்கு வந்து நிற்கின்றன. உணவு ப்ரஸாதமாக, அளவாக, நேரத்தில் கிடைத்தது. வாய்க்கு வம்புக்குப் பதிலாகத் திவ்யப்ரபந்த கோஷ்டியின் பின்னே சொல்லிக்கொண்டு வரும் வேலை இருந்தது. கண்ணுக்கு வாஹனமும் சாத்துப்படியும் இருந்தன. அருகில் இருந்தவர்கள் எல்லோரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். இவற்றில் எதையும் அவர் தம் மனவுறுதியால் உண்டாக்கவில்லை. ஆற்றில் இறங்கியவனை நீரோட்டம் கொண்டுசெல்வதுபோல் இவை அவரைக் கொண்டுசென்றன. ஊருக்குத் திரும்பும்போது அவர் விரதத்தை மட்டும் கையில் எடுத்துச் சென்றார். நீரோட்டம் இங்கேயே தங்கிவிட்டது.

ஆகையால் எடுத்துச் செல்லவேண்டியது ஒரு வேளையையும் ஓர் இடத்தையும். கோயிலில் இருந்த எல்லாவற்றையும் வீட்டில் நிறுவ முயல்வது சாதுர்மாஸ்யத்தின் நான்கு மாதங்களையும் ஒரே நாளில் செய்வதற்கு ஒப்பாகும். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் பத்து நிமிஷம், கூடத்தில் ஒரு மூலை, அங்கே நெஞ்சில் உள்ள ஒரு பாசுரம் என்ற அளவில் தொடங்கினால் போதும். எந்தப் பழைய பழக்கம் எந்நேரத்தில் எழுகிறதோ, அந்நேரத்திலேயே இப்புதியதை வைத்துக்கொள்வது இன்னும் சிறந்தது. சாப்பாட்டுக்குப் பின் திண்ணைக்குப் போனால் புகையிலை நினைவு வருமென்றால், சாப்பாட்டுக்குப் பின் திண்ணைக்குப் போகாமல் துளசிக்கு நீர் வார்க்கப் போகலாம். காலி நேரமாக விட்டுவைத்தால் அதில் யார் வந்து குடியேறுவார் என்பது தெரிந்த விஷயம்.

குடிப்பழக்கம் முற்றியவர்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. உடம்பு மதுவுக்கு முற்றிலும் அடிமைப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மாலை போட்டுக்கொண்டோ பெருமாள்மேல் ஆணையிட்டோ ஒரே நாளில் நிறுத்தும்படி அவரை வீட்டார் கட்டாயப்படுத்தலாகாது. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தச் செய்யவேண்டும். மருந்தும் எம்பெருமான் படைத்ததே.

இனி, சிந்தனையுள்ளவர்கள் எழுப்பும் ஒரு கேள்வியைப் பார்க்கவேண்டும். பழக்கத்தால் நிகழும் நற்செயலுக்குப் பெருமை உண்டா? எண்ணிப் பாராமல் கை செய்வதைப் பக்தி என்று எப்படிச் சொல்வது? நாள் தவறாமல் ஸஹஸ்ரநாமம் சொல்பவர், ஆயிரம் நாமங்களுக்கு நடுவே பால்காரர் கணக்கையும் முடித்துவிடுகிறார் என்று கேலி பேசுகிறார்களே? கேலியில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நெஞ்சு முற்றும் கனிந்த பிறகே வாய் சொல்லவேண்டும் என்று விதித்தால் உலகில் ஸஹஸ்ரநாமம் ஒலிப்பதே அரிதாகிவிடும். திருமங்கை மன்னன் ததீயாராதனம் தொடங்கியது எம்பெருமான்மேல் கொண்ட காதலாலன்று. குமுதவல்லியின்மேல் கொண்ட காதலால். ஸ்ரீவைஷ்ணவராகி, நாள்தோறும் ஆயிரத்தெட்டு அடியார்களுக்கு ஓராண்டு அமுது செய்விக்கவேண்டும் என்பது அவள் இட்ட நிபந்தனை. அவளை அடைவதற்காக இலை போட்டார். போட்டுப் போட்டு, கப்பப் பணம் தீர்ந்து, அரசனுடைய சினத்தையும் ஏற்று, வழிப்பறியிலும் இறங்கி, அப்போதும் இலை போடுவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. வழிப்பறியை நியாயப்படுத்த அடியேன் துணியமாட்டேன். அது நமக்கு அநுஷ்டானமாகாது. ஆனால் தொடங்கியபோது இருந்த நோக்கத்தைச் செய்கை எவ்வளவு தூரம் கடந்துபோயிற்று என்பதை அவர் சரித்திரம் காட்டுகிறது. கடைசியில் மணவாளக் கோலத்தில் வந்தவனே அவர் வாளுக்கு இலக்காகி, அவர் செவியில் திருமந்த்ரத்தை ஓதினான். செயல் முன்னே நடந்தது. நெஞ்சு பின்னே வந்து சேர்ந்தது.

பழக்கம் இயந்திரமாகிவிடாதிருக்கவும், பழக்கத்தால் செருக்கு ஏறாதிருக்கவும் நம் பெரியோர் ஒரு தடுப்பை வைத்தார்கள். அதற்கு ஸாத்விக த்யாகம் என்று பெயர். கர்மத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், இதைச் செய்விப்பவனும் செய்துகொள்பவனும் எம்பெருமானே, தன் உடைமையாகிய என்னைக் கொண்டு தன் உகப்புக்காகச் செய்துகொள்கிறான் என்று அநுஸந்திப்பது அது. சரணாகதி செய்தவனுக்கு முயற்சி எதற்கு என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. நல்ல பழக்கம் மோக்ஷத்திற்கு நாம் கொடுக்கும் விலையாகாது. அவ்விலையைக் கொடுக்கவல்லவன் எவனும் இல்லை. அடிமைக்கு அடிமை செய்வது இயல்பு என்பதனால் செய்கிறோம். விலையாக எண்ணிச் செய்தவன் ஒருநாள் தவறினால் கடன்பட்டவனைப்போல் நடுங்குவான். கைங்கர்யமாக எண்ணிச் செய்தவன் மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவான்.

தவறுவதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ல் வெளியிட்ட உளவியல் நூலில், புதுப் பழக்கம் வேரூன்றும் வரையில் ஒருமுறைகூட விலக்கு அளிக்கலாகாது என்று கண்டிப்பாக எழுதினார். முன்னே சொன்ன லண்டன் ஆய்விலோ, இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் படிவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவன் தொடங்குமுன் ஜேம்ஸ் சொல்வதையும், தவறிய பின் லண்டன்காரர் சொல்வதையும் கேட்டுக்கொள்வது நல்லது. நாம் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம். தவறுமுன்பே ஒருநாள்தானே என்று சலுகை தேடுகிறோம். தவறிய பின்போ எல்லாம் தொலைந்தது என்கிறோம்.

விப்ரநாராயணர் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, துளசியும் மலரும் தொடுத்து ஸமர்ப்பிப்பதையே வாழ்வாகக் கொண்டிருந்தார். தேவதேவி அந்நந்தவனத்திற்குள் வந்தது பகையாக அன்று; பணிவிடைக்காரியாக. செடிகளுக்கு நீர் வார்த்தாள், களை பறித்தாள். பலநாள் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மழை பெய்த ஒரு நாளில் இரக்கத்தால் குடிலுக்குள் அழைத்தார். தீய பழக்கங்கள் வாயிலில் பறை அறைந்துகொண்டு வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நந்தவனம் வாடியது, பொருள் போயிற்று, மானமும் போயிற்று, பெருமாளுடைய பொன்வட்டிலைக் களவாடியதாகப் பழியும் வந்தது. பிறகு எம்பெருமான் உண்மையை விளக்க, அவர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் அவர் மேற்கொண்டது என்ன? புதிதாக ஒரு கடுந்தவத்தைத் தேடிப் போகவில்லை. அடியார்களின் ஸ்ரீபாத தீர்த்தத்தை ப்ராயச்சித்தமாகக் கொண்டு, தொண்டரடிப்பொடி என்ற திருநாமத்தோடு, விட்ட இடத்திலேயே நந்தவனத்தை மறுபடி தொடங்கினார். இன்று நாடெங்கும் விடியற்காலையில் பெருமாளைத் துயிலெழுப்ப ஓதப்படும் திருப்பள்ளியெழுச்சி அவர் அருளியது.

கீதையில் அர்ஜுனன் கேட்ட இன்னொரு கேள்வியும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. முயன்று பாதியில் வழுவியவன் இரண்டிடமும் இல்லாமல் சிதறிய மேகம்போல் அழிந்துபோவானோ என்று அவன் அஞ்சுகிறான். கண்ணன் அவனை அப்பா என்ற அன்பு தோன்றும் சொல்லால் விளித்து, நன்மை செய்தவன் எவனும் கெட்டுப்போவதில்லை என்கிறான். முன்பு பழகிய பழக்கமே, அவன் நினையாவிட்டாலும், அடுத்த பிறவியில் அவனைப் பிடித்து இழுத்துச் செல்லும் என்றும் அருளுகிறான். தீய வாசனை விடாது தொடர்கிறதே என்று நாம் நொந்துகொள்கிறோமல்லவா? நல்ல வாசனையும் அப்படித்தான் விடாது தொடர்கிறது. இவ்வுத்ஸவத்தில் பத்து நாள் புலர்காலையில் எழுந்த வாசனையும், கோஷ்டியின் பின்னே நின்று ஒரு பதிகத்தைச் சொன்ன வாசனையும் எங்கும் போய்விடுவதில்லை.

கொடியிறக்கத்தன்று ஊர் திரும்பும் அடியார்கள் கோயில் வாசலில் துளசி நாற்று கிடைத்தால் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம். முற்றம் இல்லாத அடுக்குமாடி வீடானால் வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் ஒரு மண்தொட்டி போதும். வேர் பிடிக்கும் வரையில் நாள் தவறாமல் நீர் வேண்டும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் அழுகும். காலையில் முதல் காபிக்கு முன்போ, மாலையில் கைப்பேசியை எடுக்கும் நேரத்திலோ, எப்பொழுது வார்ப்பது என்பதை மட்டும் பேருந்தில் போகும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.